வில்லனுக்கு ஒரு பாட்டு

மங்களேஸ்வரிக்குப் பிடித்த நடிகர் எல்லாப் படத்திலும் கடைசியில் செத்துப்போவார். ஊரே கதாநாயகர்கள் பின்னால் போனபோது இவள் மட்டும் உதை வாங்குகிற வில்லன் பின்னால் போனாள். தென்காசியில் ரவிக்கை தைக்கும் தனக்கு ஆளைப் பார்த்தே அளவெடுக்கத் தெரியும், ஆள் பார்த்து ரசிக்கத்தான் தெரியவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் கணவன் சங்கிலிப்பாண்டி சிரித்தால் அவளுக்குப் பொறுக்காது. குற்றாலத்தில் தண்ணீர் வற்றி ஆட்டோவுக்குச் சவாரி இல்லாத மாதங்களில் அவனுக்கு இதுதான் வேலை.

“ஏட்டி, உன் ஆளு இன்னைக்கு எந்தப் படத்துல சாவுதான்?”

அந்த வாயை அடைக்கத்தான் மகளின் பழைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நடிகரின் பிறந்தநாளுக்கு ரசிகர்கள் ஆளுக்கொரு வீடியோ செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதாகப் பேச்சு. அடியே வாங்காமல் அவரை ஒரு முழுப் பாட்டுக்காவது நிமிர்ந்து நிற்க வைத்துவிட வேண்டும். அவர் நடக்கும், முறைக்கும், சிரிக்கும் இடங்களை மட்டும் வெட்டிப் பாட்டோடு ஒட்டினால் முடிந்தது. எடிட்டிங் திரையில் கத்தரிக்கோல் படத்தைக் கண்டதும் அவளுக்குத் தலைக்கனமே வந்துவிட்டது. தெரியாமல் ஒரே பாட்டை இரண்டு முறை ஏற்றி வீடே எதிரொலித்ததெல்லாம் வெளியே சொல்லாத கதை.

ஒருவழியாக முடித்துக் குழுவில் போட்டாள். போடுமுன் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாம். தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்தா கொடுக்கிறாள்? நேரே கணவனைக் கூப்பிட்டுப் பெருமையாக ஓட்டிக் காட்டினாள்.

நடிகர் கம்பீரமாக நடந்து வந்தார். மூக்கில் ஒரு குத்து விழுந்தது. அடுத்து முறைத்தார். நெஞ்சில் உதை. சிரித்தார். பல் தெரிந்ததும் ஒரு பானை தலையில் உடைந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்போதும் தையலுக்கு அரை இஞ்ச் கூடுதலாக விட்டு வெட்டுகிற கை, இங்கேயும் ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் கொஞ்சம் விட்டு வைத்திருந்தது. துணியில் அது மடிந்து உள்ளே போய்விடும். இங்கே அந்த மிச்சத்தில்தான் எல்லா அடியும் இருந்தது.

சங்கிலிப்பாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். குழுவிலும் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. அவமானத்தில் காது சுட்டது. குழுவிலிருந்து அழித்துவிட மவுஸில் விரலை வைத்தாள்.

“பொறுட்டி. இன்னொருக்க போடு.”

“இவ்வளவு நேரம் சிரிச்சது பத்தலையாக்கும்?”

மறுபடி ஓடியது. இந்த முறை அவன் சிரிக்கவில்லை. ஆட்டோ ஓடாத மாதத்தின் முகத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தான்.

“இவன் என்னட்டி, எத்தன மிதி மிதிச்சாலும் திரும்ப எந்திரிச்சு நடந்து வருதான்.”

மங்களேஸ்வரி அப்போதுதான் கவனித்தாள். ஒவ்வொரு அடிக்கும் அடுத்த துண்டில் அவர் சட்டை கசங்காமல் வந்துகொண்டிருந்தார். சத்தியமாக அவள் இதையெல்லாம் யோசித்துச் செய்யவில்லை. ஆனாலும் விரலை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

“அதுக்குத்தான அப்படி வெட்டுனேன்” என்றாள், கொஞ்சமும் கூசாமல்.