யோகா அக்காவின் கிழங்குச் சட்டி

மழை வந்த அன்றுதான் யோகா அக்காவுக்குப் போன் எடுத்தேன். கோடை முழுக்க வெடித்துக் கிடந்த முற்றத்தில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பின்விறாந்தை நிழலில் காயவைத்திருந்த மண்சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மழைக்குள் வைத்துவிட்டு, ஈரக் கையோடு அவருடைய இலக்கத்தை அழுத்தினேன். "மழை வந்திட்டு அக்கா, எழும்புங்க" என்று சொல்ல நினைத்திருந்தேன். எடுத்தது ஓர் ஆண் குரல்.

"மாமி மோசம் போய்ட்டாங்க. முந்தாநாள் பிரேதம் எடுத்திட்டம்" என்றார் அவருடைய தம்பியின் மகன். பிறகு, "நீங்க ஆரு?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன்.

"வசந்தி அக்காவா? உங்களப் பத்தி மாமி எந்த நேரமும் கதைப்பாங்க. போன்ல உங்கட பேரத் தேடித் தேடிப் பாத்தன், கிடைக்கல்ல. இதில 'கிழங்குச் சட்டி' எண்டெல்லவா போட்டுக் கிடக்கு. சட்டி விக்கிற ஆக்களாக்கும் எண்டு விட்டிட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. யோகா அக்கா ஆளைச் சுருக்கமாகச் சொல்வதென்றால் அது போதும். மனிதர்களை அவர்கள் வளர்க்கும் செடியின் பெயரால் பதிந்து வைப்பவர்.

அலுவலகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், அவரிடம் செடி வாங்கிப் பிழைக்கவைத்தவர்களுக்கும், சாகவைத்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அஞ்சலிப் பனர், ஒலிபெருக்கி ஒன்றும் வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தாராம். அவருடைய ஊரான ஆரையம்பதிக்குள்ளேயே காரியம் முடிந்துவிட்டது. செத்த வீடு தவறிப்போனதை நினைத்து நீங்கள் வருந்துவது எனக்குத் தெரியும். என் வருத்தம் அதுவல்ல. அதற்கு முந்திய மாதங்களைப் பற்றியது.

மட்டக்களப்பில் எங்கள் அலுவலகத்தில் அவர் கணக்குப் பகுதி, நான் பக்கத்து மேசை. வேலைக்கு வந்த புதிதில் என் கண்ணில் பட்டது, பின்சுவரில் ஏசித் தண்ணீர் சொட்டும் குழாய்க்குக் கீழே இருந்த ஒரு பெயின்ற் வாளி. வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீரை ஒரு பிளாஸ்ரிக் கானில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறுவார். அவருடைய வளவு வாவிப் பக்கம், கிணறு சவர். அவர் வளர்த்த பூச்சி தின்னும் செடிகளுக்கு உப்பு ஆகாது, மழைத்தண்ணீர்தான் வேண்டும். கோடையில் மழைக்கு எங்கே போவது? புதிதாக வந்த முகாமையாளர் ஒருநாள் வாளியைக் கண்டுவிட்டு, இது அலுவலகமா தண்ணீர்ப் பந்தலா என்று சத்தம் போட்டார். அக்கா பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நீங்க குளிருக்குள்ள இருக்கிற நேரமெல்லாம் என்ட செடிக்குச் சம்பளம் இல்லாம வேலை செய்யிறீங்க சேர். எழும்பிப் போயிராதீங்க" என்றார். அடுத்த கிழமை முகாமையாளரே வாளி நிரம்பிவிட்டது என்று வந்து சொன்னார்.

அவர் வீட்டு முற்றத்தில் நுளம்பு குறைவு. பூச்சியைத் தன் குடுவைக்குள் விழுத்தும் கெண்டிச் செடிகள் கூரை வளையில் தொங்கும். கீழே பலகையில் அழுகண்ணிச் சட்டிகள். அழுகண்ணியின் ஒவ்வொரு இலையிலும் கண்ணீர் போலப் பசைத்துளிகள் நிற்கும், வந்து குந்திய பூச்சி பிறகு எழும்பாது. மனிதரைத் தின்னுமா என்று கேட்பவர்களிடம், "கணக்காய்வுக்கு வாறவங்க ஒருத்தரைக் கொண்டு வாங்க, வச்சிப் பாப்பம்" என்பார்.

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் அவர் விரதம். அந்த நாட்களில் பழைய நுளம்பு வலை ஒன்றால் அத்தனை சட்டிகளையும் மூடிவிடுவார். நேரில் கண்டிராவிட்டால் நானும் நம்பியிருக்கமாட்டேன். விரத வீட்டில் ஓர் உயிர் போகக்கூடாது. நான் சிரித்தபோது, "நான் பட்டினி கிடக்க, இதுகள் என்ட கண்ணுக்கு முன்னால இறைச்சி தின்னுறதா?" என்றார். விரதம் முடிக்கும் பாறணையன்று விடிய, தான் சாப்பிட உட்கார முன்னர் போய் வலையைத் தூக்குவார். "போங்க, நீங்களும் உங்கட சாப்பாட்டைப் பாருங்க" என்று செடிகளிடம் சொல்வார். பிறகுதான் தன் இலையில் கை வைப்பார். கடவுளையும் செடியையும் ஒரே வலைக்குள் சமாளித்த வேறொருவரை நான் கண்டதில்லை.

கிழங்கு அழுகண்ணி அவருக்கு அவுஸ்திரேலியாவின் வடக்குக் கரையில் இருக்கும் சொந்தக்காரர் மூலம் வந்தது. அங்கும் எங்களைப் போலத்தான், ஒரு மாரி, ஒரு நீண்ட கோடை. மாரியில் முளைத்து, கொடிபோல எழும்பி, பூத்து, மழை ஓய்ந்ததும் கருகிவிடும். மண்ணுக்குள் பயறளவில் ஒரு கிழங்கு மட்டும் இருக்கும். அந்த நேரம் தண்ணீர் ஊற்றினால் அழுகும். காயவிட்டு, நிழலில் வைத்து, அடுத்த மழை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு சட்டி தந்த முதல் வருடம் செடி கருகியதும் பயந்துபோய், செத்துவிட்டது என்று அவருக்குப் போன் எடுத்தேன். "சாகல்ல புள்ள, ஒதுங்கிக் கிடக்கு. உன்ட வேலை சும்மா இருக்கிறதுதான். தோண்டிப் பாத்தயெண்டா விரல முறிச்சிப்போடுவன்" என்றார். சொன்னபடியே அந்த மாரியில் அது முளைத்தது. அதற்குப் பிறகு சும்மா இருப்பதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஓய்வுபெற்ற பிறகும் அவர் மாதம் ஒருதரமாவது கானோடு அலுவலகத்துக்கு வருவார். இந்த வருடம் பங்குனியோடு வரவு நின்றது. போன் எடுத்தால் பதில் இல்லை. சித்திரைப் புதுவருடத்துக்குப் பலகாரத்தோடு போனேன். கேற்றைப் பாதிதான் திறந்தார். ஆள் மெலிந்திருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. "என்னக் கொஞ்ச நாளைக்கு விடு புள்ள. ஏலாமக் கிடக்கு. மாரிக்குப் பாப்பம்" என்றார். பலகாரத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவரை நான் விளங்கிக்கொண்டேன் என்றே நினைத்தேன். ஓட்டமாவடியிலிருந்து வேலைக்கு வரும் நஸீரை உங்களுக்குத் தெரியும். ஆனி மாதம் அவர் என்னிடம் வந்து, "யோகா அக்காவ ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவமா? மனசு சரியில்ல" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவ இப்ப கிழங்கு மாதிரி நஸீர். தோண்டப்படாது. மழைக்குத் தானா வருவா." மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தோம். எனக்கு அந்த வசனம் பிடித்துப்போய்விட்டது. பிறகு யார் அவரைக் கேட்டாலும் அதையே சொன்னேன். போக நினைத்த உங்களையெல்லாம் மறித்தது நான்தான்.

உண்மையைச் சொன்னால், அது எனக்கு வசதியாகவும் இருந்தது. வந்தாறுமூலையில் என் வீட்டிலிருந்து ஆரையம்பதிக்கு இரண்டு பஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வேலை. ஒரு நோயாளி முகத்தைப் பார்க்கும் பயம். இத்தனைக்கும் மேலே, அவருடைய விருப்பத்தை மதிக்கிறேன் என்று ஒரு நல்ல பெயரை எனக்கு நானே சூட்டிக்கொண்டேன்.

போன் எடுத்த அன்று பின்னேரமே போனேன். நஸீரும் வந்தார். போனில் கதைத்த அந்த மருமகன் கேற்றை முழுதாகத் திறந்து, எங்களுக்குத் தேத்தண்ணீர் தந்து, மாமியின் கதையைச் சொன்னார். வயிற்றில் கட்டி. பங்குனியிலேயே தெரிந்திருக்கிறது. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார்.

"முதல்ல ஒருத்தரும் வரப்படாது எண்டுதான் சொன்னவங்க. போகப் போக அப்பிடி இல்ல. கேற்றில சத்தம் கேட்டா, 'ஆரு மனே?' எண்டு தலைய நிமித்துவாங்க. அநேகமா ஆடுதான் வந்து முட்டியிருக்கும்."

என்னைக் குற்றம் சொல்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டிலுக்குப் பக்கத்து யன்னலில் யோகா அக்காவின் கிழங்குச் சட்டி இருந்தது. அது ஏன் இங்கே என்று கேட்டேன்.

"ஆவணியில ஒருநாள் எடுத்துத் தரச் சொன்னாங்க. கட்டில்ல இருந்தபடியே விரலால தோண்டினாங்க. தோண்டப்படாது எண்டு நீங்கதானே மாமி சொல்லுவீங்க எண்டன். 'உயிர் இரிக்கா எண்டு பாக்காம எப்பிடி மனே இருக்கிறது' எண்டாங்க."

நஸீர் என் முகத்தைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது, "நானும் சின்னப் பிள்ளை இல்லதானே, நீங்க வேணாம் எண்டாலும் போயிருக்கலாம்" என்றார். என் பாரத்தில் பாதியைத் தூக்கப் பார்க்கிறார் என்று விளங்கியது. நான் கொடுக்கவில்லை. அது என்னுடையது.

அந்தச் சட்டியையும் நுளம்பு வலையையும் மருமகன் என்னிடம் தந்துவிட்டார். இந்தக் கந்தசஷ்டிக்கு வலையைக் கட்டினேன். பாறணையன்று விடியத் தூக்கிவிட்டேன். என் சட்டியில் இரண்டு முளை வந்திருக்கிறது. அக்காவின் சட்டியில் ஒன்றும் வரவில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, மண் ஈரமாகவே இருக்கிறது, மேலே ஒரு பச்சை இல்லை.

நேற்றுப் பின்னேரம் பொறுக்க முடியாமல் விரலை விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைத் தள்ளிக்கொண்டு போனேன். அடியில், சட்டியின் ஓரமாக, பயறளவில் ஒன்று தட்டுப்பட்டது. நசித்துப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. மண்ணை மூடிவிட்டு, "இரிக்கு அக்கா" என்றேன். இப்படிப் பார்க்க நான் இரண்டு பஸ் ஏறிப் போயிருக்க வேண்டிய ஒரு வீடு இருந்தது. அங்கே ஆடு முட்டினாலும் ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.