கேட்காமல் பிடித்த டிப்ஸ்

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். சென்னையிலிருந்து மனைவி, இரண்டு பிள்ளைகளோடு உல்லாசக் கப்பலில் போனேன். இறங்கும்போதுதான் பில்லைப் பார்த்தேன். கைக்குழந்தைக்கும் சேர்த்து, தலைக்கு இவ்வளவு என்று தினமும் டிப்ஸ் பிடித்திருந்தார்கள். போன வருசம் போய்வந்த மச்சான் சொன்ன தொகையைவிட இரண்டு மடங்கு! கார்டில் இருந்ததெல்லாம் போய்விட்டது.

“ஊருக்கு எப்படிங்க போறது?” என்று மனைவி அழுதாள்.

“கேக்காமப் பிடிக்கலாமாம்மா?” என்று பில் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கெஞ்சினேன்.

“எல்லார்கிட்டயும் பிடிக்கிற வழக்கம்தான் சார்” என்றாள்.

எங்கள் பக்கத்துக் குரங்கணி மலை விவசாயிகளிடம் சாம்பிள் என்று ஏலக்காயைக் காசு கொடுக்காமல் அள்ளி வைத்துக்கொள்ளும்போது நானும் அதைத்தான் சொல்வேன்.

மனைவியின் வளையலை அடகு வைத்துத்தான் பஸ் ஏறினோம்.

இப்போதெல்லாம் சாம்பிளைப் பார்த்துவிட்டு மூட்டையிலேயே திருப்பிக் கொட்டிவிடுகிறேன். முதல்முறை அப்படிக் கொட்டியபோது, “காய் சரியில்லையாண்ணே?” என்று மூட்டை கொண்டுவந்த விவசாயி பதறிப்போனார்.