முதலாளி திறந்த மெயில்

என் அக்கா ஹேமாவதி சின்னமனூரில், வாழைத்தார் வாங்கிக் கப்பலில் அனுப்பும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கோம்பையிலிருந்து தினமும் பஸ்ஸில் போகிறாள். மெயில் பார்த்துப் பதில் போடுவதுதான் அவள் வேலை. சேர்ந்த புதிதில் ஒன்பதாயிரம் மெயில் குவிந்து கிடந்ததாம். ஜவுளிக்கடை விளம்பரமும் முதலாளி மகளின் ஹால் டிக்கெட்டும்கூட அதில்தான் இருந்தன. இரண்டு மாதம் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினாள். சரக்கு வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர் போட்டாள். பதில் போன மெயில் அதற்குள் போய்விடும். திறக்காத மெயில் இருந்தால் வேலை பாக்கி என்று அர்த்தம்.

முதலாளி ஈஸ்வரபாண்டியின் போனிலும் அதே மெயில் உண்டு. டீக்கடையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் திறந்துவிடுவார். அவர் திறந்தது அக்காவின் கம்ப்யூட்டரில் படித்து முடித்ததாகக் காட்டும்.

"திறந்தீகன்னா மறுபடி படிக்காததுன்னு மாத்தி வைங்கண்ணே" என்று மூன்று முறை செய்தும் காட்டினாள்.

"படிச்சதைப் படிக்கலைன்னு வைக்கிறது பொய்யில்லையாத்தா?" என்றார் அவர்.

போன செவ்வாய்க்கிழமை, மறுநாள் காலை எங்கள் ஊர் முத்துவீரன் மாமா தோட்டத்தில் வாழைத்தார் வெட்டு. ஒரு வருட உழைப்பு அது. சாயங்காலம் கிளம்பும்முன் அக்கா பார்த்தாள். திறக்காத மெயில் ஒன்றுமில்லை. வெட்டு ஆட்களுக்குச் சரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். வாங்குகிறவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அது அவள் தப்புதான்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அந்தச் சரக்கை வாங்கும் கொச்சி கம்பெனியிலிருந்து போன் வந்தது. கப்பல் தள்ளிப்போய்விட்டது, திங்கட்கிழமை வரை வெட்ட வேண்டாம் என்று நேற்றே மெயில் போட்டோமே என்றார்கள். ஆண்டிபட்டியில் ஒரு காதுகுத்து வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது முதலாளி அதைத் திறந்திருக்கிறார். இலை போட்டதும் போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அக்கா மாமாவைக் கூப்பிட்டாள். ஏழாவது தடவைதான் எடுத்தார்.

"மாமா, வெட்டை நிறுத்துங்க."

"முக்காத் தோட்டம் கீழ கெடக்கு. வெட்டுன தாரை மரத்துல ஒட்டவா முடியும்?"

அந்தத் தாரெல்லாம் கப்பலுக்குப் போகவில்லை, குறைந்த விலைக்கு உள்ளூர் மண்டிக்குத்தான் போனது. மாமா இரண்டு நாளாக எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்காமலே நடந்தார்.

"நீ பாத்திருக்கணும்ல?" என்று முதலாளி அக்காவைத்தான் கேட்டார். புதன்கிழமை மத்தியானமே அவள் மெயிலின் பாஸ்வேர்டை மாற்றினாள்.

வெள்ளிக்கிழமை டீக்கடையிலிருந்து கூப்பிட்டார். "ஏத்தா, ரெண்டு நாளா எனக்கு மெயிலே வரலையே?"

"எனக்கு வருதுண்ணே" என்றாள் அக்கா.