மூணு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம்

ஆசியாவில் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் அவர் சொல்வார். விமானத்தில் மட்டும் ஏறியதில்லை. ஓர் இணையதளத்துக்கு இதையே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவதுதான் அவர் உத்தியோகம். வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கோடு. வருகிற கிலோமீட்டரை எண்ணூறால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் ஆயிற்று. ஆபீசில் அவருக்கு 'நேர்கோடு' என்று பெயர். பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

மாமனார் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஏதோ கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி இருமுவார். தொலைதூர ஊரில் மைத்துனிக்குப் பதிவுத் திருமணம் நிச்சயமானபோது, சாட்சிக் கையெழுத்து தன் கணவர்தான் போட வேண்டும் என்று மனைவி அப்பாவிடம் மல்லுக்கட்டி வாங்கினாள். குடும்பம் ரயிலில் புறப்பட்டது.

"உங்களுக்கும் ஒரு பெர்த் போட்டிருக்கேன், மாப்பிள்ளை."

"மூணு நாளா? எனக்கு மூணு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம், மாமா. சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு இறங்கிடுவேன். நாலு மணிக்குத்தானே கையெழுத்து?"

"டிக்கெட் எடுத்தாச்சா?"

"ஊரு எங்கயும் ஓடிடாது, மாமா."

ஊர் ஓடவில்லை. விமானமும் ஓடவில்லை. வியாழனன்று டிக்கெட் எடுக்க உட்கார்ந்தபோதுதான் அந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேர் விமானமே கிடையாது என்று தெரிந்தது. அவர் போட்ட கோட்டில் இதுவரை பறந்தது அவர் மட்டுமே. வெள்ளிக்கிழமை இடமில்லை. சனிக்கிழமை விடியலில் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேரலாம். மனைவியை அழைக்கப் போனை மூன்று முறை எடுத்தார், மூன்று முறையும் வைத்தார். கடைசியில் சனிக்கிழமை விடியலில், விமானம் ஏறும்போது, 'கிளம்பிட்டேன்' என்று மட்டும் செய்தி அனுப்பினார். அதில் பொய் இல்லை.

மூன்றாவது விமானத்துக்காக ஏதோ ஓர் ஊரின் விமான நிலைய நாற்காலியில் காத்திருந்தபோது மனைவி அழைத்தாள்.

"எங்க இருக்கீங்க? உங்களைக் கூட்டிட்டு வர அனுப்பின டாக்சிக்காரர் ஒரு மணியிலேருந்து உங்க பேரு எழுதின அட்டையைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டு, இப்பத்தான் வெறுங்கையோட வந்தாரு. ஆபீசரு வாட்சைப் பாக்கறாரு."

"நேர் ஃப்ளைட் இல்லம்மா. மாறி மாறி வரணும்."

மறுமுனையில் போன் கைமாறியது. மாமனார் குரலில் கோபமே இல்லை.

"வண்டியே ஓடாத லைனுக்கு டைம்டேபிள் போட்டிருந்தீங்களா, மாப்பிள்ளை?"

ஒன்பது மணிக்கு அவர் பெட்டியோடு விருந்துக்குள் நுழைந்தார். மணமக்களுக்குப் பக்கத்து நாற்காலியில், நரைத்த மீசையும் காக்கிச் சட்டையுமாக ஒருவர் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இவருதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாரு," என்றார் மாமனார். "நம்ம டாக்சிக்காரர். ஏர்போர்ட்டுலேருந்து நாப்பது நிமிஷம்னாரு. நாப்பது நிமிஷத்துல வந்துட்டாரு."