பென்சிலில் எழுதிய சீட்டு

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், அதற்கு எத்தனை கால், இறக்கை உண்டா என்று கேட்டு மானத்தை வாங்குகிற ஆள் நான். பூச்சிகளை நுண்ணோக்கியில் பார்த்து, வகை பிரித்து, புதிய இனமென்றால் பெயர் வைப்பது என் வேலை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமே வராது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை மதிலை ஒட்டி ஒரு நெல் வயல். அங்கே எனக்குப் பூச்சி பிடித்துத் தந்தவர் ரெபேக்கா அக்கா. பகலில் கம்பெனியில் பெருக்குகிற வேலை, சாயங்காலம் வரப்பில் மஞ்சள் தட்டுகளை வைத்துச் சோப்புத் தண்ணீர் ஊற்றுவார். மஞ்சளைப் பார்த்துப் பூச்சி வந்து விழும். அதை ஸ்பிரிட் குப்பியில் போட்டு, இடம், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டையும் உள்ளே போட வேண்டும். பேனா மை கரைந்துவிடும் என்பதால் பென்சில்தான். அக்கா எல்லாம் எழுதுவார், தன் பெயரை மட்டும் விட்டுவிடுவார்.

"நான் இன்னா பெரிய ஆளா மேடம், பூச்சி புடிக்கிறதுக்கெல்லாம் பேரு போட்டுக்கினு?" என்று சிரிப்பார்.

ஒருநாள் எள்ளைவிடச் சின்னதாக ஒரு பெண் குளவி வந்தது. யாரும் விவரிக்காத இனம் என்று உள்மனசு சொன்னது. ஆனால் இந்தக் குளவி வகையில் பெண்கள் எல்லாம் ஒரே மாதிரி, ஆணைப் பார்த்தால்தான் அடித்துச் சொல்ல முடியும். வயலோ விலைபோய்விட்டது, மண் கொட்டப் போகிறார்கள்.

"கவலப்படாதீங்க மேடம், நான் புடிச்சிக் குடுக்கறேன்" என்றார் அக்கா. அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அடக்கத்துக்குப் போனேன். அழுதேன், அதில் என்ன வெட்கம்.

நான்கு நாள் கழித்து, உச்சி வெயிலில், அக்காவின் கணவர் சாமுவேல் அண்ணனோடு தட்டுகளை எடுக்கப் போனேன். ஐந்து தட்டுகள் காய்ந்து கிடந்தன. ஆறாவதில் விளிம்புவரை தண்ணீர், நுரைகூட அடங்கவில்லை. பக்கத்திலேயே ஒரு குப்பி. கைலென்ஸ் வைத்துப் பார்த்தேன், உள்ளே ஆண் குளவி.

"யாராச்சும் இங்க வந்தாங்களாண்ணே?"

"யாரு மேடம் வரப்போறாங்க? அவ போனதுலர்ந்து நானே இந்தப் பக்கம் வர்ல." குப்பியை வாங்கிப் பார்த்தவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "இது அவ எழுத்து மேடம்."

தேதி, அடக்கத்துக்கு மறுநாள். பிடித்தவர் என்ற இடத்தில், முதல்முறையாக, ரெபேக்கா.

புதிய இனத்துக்கு ஆதாரமான மாதிரிப் பூச்சியின் சீட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் கட்டுரையில் அச்சிடுவது எங்கள் வழக்கம். தேதியைத் திருத்தலாமா என்று மூன்று நாள் குழம்பினேன், திருத்தவில்லை. கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் காற்புள்ளிக்கெல்லாம் கேள்வி கேட்டார்கள், அந்தத் தேதியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. குளவிக்கு அக்கா பெயரைத்தான் வைத்தேன்.

ஒன்றுதான் இன்றும் தூக்கத்தைக் கெடுக்கிறது. அடக்கத்தன்று பெட்டியருகே நின்று, "அந்தக் குளவிக்கு உங்க பேருதான் அக்கா" என்று மனசுக்குள் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாள்தான் அவர் தன் பெயரை எழுதியிருக்கிறார்.