சுங்காயாரும் முசிறியாரும்

மலேசியாவின் சுங்காயில் பேருந்தை விட்டு இறங்கியதிலிருந்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பார்க்கும் பலகையில் எல்லாம் எங்கள் வீட்டுப் பெயர். முசிறியில் எங்களைச் ‘சுங்காயார் வீடு’ என்றுதான் சொல்வார்கள். கொள்ளுத்தாத்தா இங்கே ரப்பர் மரம் சீவிவிட்டு ஊர் திரும்பியவர். காவல் நிலையம், பல் மருத்துவர், டயர் கடை, எல்லாமே எங்கள் குடும்பத்துச் சொத்து போல இருக்கிறது.

சாலையோரக் கடையில் ரொட்டி சானாய்க்கு, அதாவது இங்கத்திய பரோட்டாவுக்கு, மாவு வீசும் அக்காவிடம் இதைச் சொல்கிறேன். வீசிய மாவு கல்லில் கோணலாக விழுகிறது.

“முசிறியா? நெசமாவாண்ணே? ரப்பர் தோட்டத்துல எங்களுக்குப் பேரே முசிறியார் வீடுதான்லா! தோட்டத்த மூடி, தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. ஆனா நாங்க யாரும் அங்க போனதே இல்ல. முசிறில என்ன இருக்கு?”

“காவிரி இருக்கு. பாதி நாள் வெறும் மணல்தான்.”

“மணலா!” அரண்மனையைப் பற்றிக் கேட்டதுபோல் வாயைப் பிளக்கிறார். உடனே உள்ளே திரும்பிக் கத்துகிறார். “என்னாங்க, ஓடியாங்க! நம்ம ஊர்லேர்ந்து ஆளு வந்திருக்கு!”

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவர் ஈரக்கையோடு ஓடி வருகிறார். “எந்த ஊரு?”

நானும் அக்காவும் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறோம்.

“முசிறி” என்கிறார் அக்கா.

“சுங்காய்” என்கிறேன் நான்.