யசுமாசா வீட்டுக் குளியலறைச் சன்னல்

நாகசாகிக்கு மேற்கே, கோத்தோ தீவிலிருந்த அந்தப் பங்குக் கோவிலுக்குப் பன்னிரண்டு சன்னல்கள். கணவாய் மீன் உலர்த்திப் பிழைத்த கிகுயேதான் முப்பது வருஷமாக அவற்றைத் துடைத்துவந்தாள். புயல் சேதி வந்தால் ஏணி போட்டு ஏறிப் பலகை அடிப்பவளும் அவளே. கண்ணாடியெல்லாம் சிவப்புச் சுபாக்கிப் பூக்கள். மலையில் பூப்பதற்கு ஐந்து இதழ். கோவிலைக் கட்டிய மீனவர்கள் சிலுவை தெரியவேண்டுமென்று நாலாக்கியிருந்தார்கள்.

பங்குப் பேரவைத் தலைவர் யசுமாசாவுக்கு அந்தப் பூக்கள் போதவில்லை. பீடத்தருகே இருந்த சன்னலைக் கழற்றிவிட்டு, கையில் மோட்சத்துச் சாவியோடு புனித பேதுரு நிற்கும் படம் தீட்டிய கண்ணாடியை நாகசாகியிலிருந்து வரவழைத்தார். பேதுருவுக்கு யசுமாசாவின் உப்பிய கன்னம், யசுமாசாவின் இரட்டைத் தாடை. பங்குச்சாமி அதை மந்திரித்த அன்று நிமிர்ந்து பார்த்த கிகுயே, சிரிப்பை அடக்க முக்காட்டைக் கடித்துக்கொண்டாள். இந்த மூஞ்சியை நம்பி யார் மோட்சத்துச் சாவியைக் கொடுப்பார்கள்?

செப்டம்பரில் புயல் அறிவித்தார்கள்.

"ஏம்மா, என் சன்னல்ல ஆணி கீணி அடிச்சிராத. சட்டம் புதுசு" என்றார் யசுமாசா.

"காத்துகிட்டயும் சொல்லி வைங்க, தலைவரே."

மற்ற பதினொன்றுக்கும் பலகை அடித்துவிட்டு இறங்கினாள்.

விடிந்தபோது பேதுருவின் பாதங்கள் மட்டுமே சட்டத்தில் மிஞ்சியிருந்தன. "வேணும்னே விட்டுட்டா!" என்று யசுமாசா கத்தினார்.

"அடிக்காதேன்னது நீங்க. மூஞ்சியப் பொறுக்கி வாளியில போட்டிருக்கேன். எடுத்துட்டுப் போங்க."

பங்குச்சாமி குறுக்கிட்டு, பழைய கண்ணாடி எங்கே என்று கேட்டார்.

"அது கழட்டும்போதே ஒடைஞ்சு போச்சு, சாமி" என்றார் யசுமாசா.

பின்னால் நின்ற அவர் மனைவி ஃபுமி, "நம்ம குளியலறையிலல்ல இருக்கு?" என்றாள்.

அன்று மதியமே கிகுயே திருப்புளியோடு போனாள். யசுமாசா வாசலை மறித்தார்.

"இது என் வீடு!"

"எங்க தாத்தன் கல்லு சொமந்து கட்டின கோவில். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால அம்மணமா ஒக்காந்து முதுகு தேய்க்கிறீங்களே, கூசல? தள்ளுங்க."

அவர் தள்ளி நின்றார். கிகுயே ஏறிய முக்காலியை ஃபுமி பிடித்துக்கொண்டாள்.

சோப்புக் கறை லேசில் போகவில்லை. மூன்று நாள் காடி ஊற்றித் தேய்த்த பிறகே சிவப்பு தெளிந்தது. தச்சரைக் கூட்டிவந்து, பழைய இடத்திலேயே பொருத்தினாள்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் யசுமாசா எல்லோரிடமும் சொன்னார்: "நான் வீட்ல பத்திரமா வச்சிருந்ததாலதான் தப்பிச்சுது. இல்லைன்னா இதுவும் போயிருக்கும்."

நாலைந்து பேர் தலையாட்டவும் செய்தார்கள். கிகுயே அவர்களை ஒருமுறை பார்த்தாள். பதில் சொல்லத் தகுந்த ஆள் அங்கே யாருமில்லை என்று பட்டது. கணவாயைத் திருப்பிப்போட நேரமாகிவிட்டதென்று நடையைக் கட்டினாள்.